90 மில்லி விநாடியில் 15 கிரே: மனிதருக்குத் தரப்பட்ட முதல் ஃப்ளாஷ் கதிர்வீச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் நோயும்

வயது 75. நோய், தோலில் தோன்றும் டி-செல் லிம்போமா, அதாவது வெள்ளையணுக்களில் பிறக்கும் ஒரு புற்று. சிடி30 என்ற அடையாளப் புரதம் உள்ள வகை. உடல் முழுவதும் தோலில் பரவியிருந்தது. மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுவிட்டன. மருந்தை மீறி வளர்ந்து புண்ணாகிற, வலிக்கிற கட்டிகளுக்கு மட்டும் அந்தந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்துச் சமாளித்துவந்தார்கள். அப்படி வெவ்வேறு இடங்களில் 110 முறைக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

இந்த எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். கதிர்வீச்சு கட்டியைக் கரைக்கிறது, சுற்றியுள்ள தோல்தான் அதைத் தாங்கவில்லை என்பதே இவருடைய வரலாறு. ஒவ்வொரு முறையும் கட்டி போனது. பதிலுக்குத் தோல் சிவந்து, வெந்து, ஆறுவதற்குள் அடுத்த இடத்தில் கட்டி வந்தது. புற்றைக் கொல்லும் டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவைக், குறைக்காமல் தோலை மட்டும் காப்பாற்ற வழி இருக்கிறதா என்ற கேள்வி இவரைப் பொறுத்தவரை ஏட்டுக்கேள்வி அல்ல.

மொத்த டோஸையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கொடுத்துவிடும் ஃப்ளாஷ் கதிர்வீச்சு அந்த வழியாக இருக்குமா என்று பார்த்தார்கள். சிகிச்சை நடந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையில், 2018-ல். அறிக்கை 2019-ல் வெளியானது. இங்கே எழுதுவது வெளியான அந்தத் தகவல்களையும், அதன்பின் வந்தவற்றையும் சேர்த்துப் படித்ததன் தொகுப்பு.

அதுவரை விலங்குகளில் தெரிந்தது

டோஸை அளக்கும் அலகு கிரே. கதிரை உருவாக்கும் வழக்கமான துகள்முடுக்கியான லினாக் இயந்திரம் நிமிடத்துக்குச் சில கிரே கொடுக்கும். விநாடிக் கணக்கில் பார்த்தால் கிரேயில் நூறில் சில பங்கு. ஃப்ளாஷ் என்று சொல்வது விநாடிக்கு 40 கிரேயும் அதற்கு மேலும். மொத்த டோஸும் அரை விநாடிக்குள் இறங்கிவிடும்.

வேகத்தைக் கூட்டினால் உயிரணு குறைவாகப் பாதிக்கப்படும் என்ற கவனிப்பு புதிதல்ல. 1959-லேயே பாக்டீரியாக்களில் அதைப் பார்த்தார்கள். பிறகு எலிகளிலும் சில முடிவுகள் வந்தன. மருத்துவமனை வரை யாரும் கொண்டுபோகவில்லை. 2014-ல் பிரான்ஸின் கியூரி நிறுவனத்தைச் சேர்ந்த குழு அதை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தது. எலியின் நெஞ்சில் வழக்கமான வேகத்தில் 15 கிரே கொடுத்தால் நுரையீரல் இறுகி நார்த்திசு வளர்ந்தது. ஃப்ளாஷ் வேகத்தில் 20 கிரேக்குக் கீழே கொடுத்த எலிகளில் 36 வாரத்துக்கு மேல் கவனித்தும் அது வரவில்லை. கட்டியை அடக்குவதில் இரண்டும் சமம். 2017-ல் எலியின் மூளை முழுவதற்கும் 10 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். வேகம் விநாடிக்கு 100 கிரேக்கு மேல் இருந்தபோது நினைவாற்றல் தப்பியது. 30-க்குக் கீழே வந்ததும் அந்தக் காப்பு போய்விட்டது.

அடுத்து மினி பன்றியின் தோலும், மூக்கு நுனியில் புற்று வந்த ஆறு வீட்டுப் பூனைகளும். பூனைகளுக்கு ஒரே தவணையில் 25 முதல் 41 கிரே. 16 மாதத்தில் நோய் மீளாமல் இருந்தவை 84 சதவீதம். அந்த அளவு டோஸுக்குத் தோல் வியக்கத்தக்க அளவில் தாங்கியது. மனிதருக்குக் கொடுக்கலாம் என்ற துணிவு பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்தது. இந்தப் பூனைகளிடம் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஏன் காக்கிறது என்று நினைத்தார்கள்

கதிர்வீச்சு நேரடியாக டிஎன்ஏ-வை உடைப்பது ஒரு பங்கு. உயிரணுவில் உள்ள தண்ணீரை உடைத்து, உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற வேகமாக வினைபுரியும் துணுக்குகள் வழியே தாக்குவது இன்னொரு பெரிய பங்கு. அந்தத் தாக்குதலைச் சரிசெய்ய முடியாதபடி நிலைநிறுத்துவது ஆக்சிஜன். முதல் விளக்கம் இதிலிருந்து பிறந்தது: மொத்த டோஸும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தால், அங்கிருக்கும் ஆக்சிஜன் செலவாகிவிடும், இரத்தம் புதிதாகக் கொண்டுவர நேரம் இருக்காது, ஆகவே நல்ல திசு சற்று நேரம் ஆக்சிஜன் குறைந்த திசுவைப் போல எதிர்த்து நிற்கும். கட்டியில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. அதற்கு இதனால் புதிய லாபம் எதுவும் இல்லை.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் திசுவில் அளந்து பார்த்தபோது, சிகிச்சை டோஸுகளில் செலவாகும் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய காப்பை அதை வைத்து மட்டும் விளக்க முடியாது. அதற்காக ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. எலிகளை ஆக்சிஜன் செறிந்த கார்போஜன் வாயுவைச் சுவாசிக்கவைத்துவிட்டு மூளைக்குக் கொடுத்தபோது ஃப்ளாஷின் காப்பு மறைந்தது.

மற்ற விளக்கங்களும் உண்டு. ஒரே கணத்தில் அடர்த்தியாக உருவாகும் ராடிக்கல்கள் உயிரணுவைத் தாக்குவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடுகின்றன என்பது ஒன்று. நல்ல உயிரணு பெராக்சைடு கழிவை வேகமாக அகற்றும், தளர்வாகத் திரியும் இரும்பு அதிகம் உள்ள புற்றணுவால் அது முடியாது என்பது இன்னொன்று. மூன்றாவது இரத்தக் கணக்கு: சில நிமிடம் ஓடும் சிகிச்சையில் உடலின் இரத்தம் பல சுற்று அந்தக் கதிர்வழியாகப் போய்வரும், பத்தில் ஒரு விநாடியில் அது நகர்வதே இல்லை, ஆகவே அடிபடும் வெள்ளையணுக்கள் சிலவே. இவற்றில் எது என்று இன்னும் தீரவில்லை. காரணம் தெரியாமலே மனிதருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, மருத்துவத்தில் அது பழைய வழக்கம். ஆனால் காரணம் தெரியாதபோது எந்த அளவீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரியாது. சராசரி வேகமா, கதிர் விட்டு விட்டு வரும் ஒவ்வொரு துடிப்பின், அதாவது பல்ஸின், டோஸா, மொத்த நேரமா? மூன்றையும் எழுதிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எடுத்த முடிவுகள்

கட்டியைத் தேர்ந்தது முதல் முடிவு. 3.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தோல் கட்டி. அங்கே கையில் இருந்தது ஃப்ளாஷுக்கென்றே வடிவமைத்த 5.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் லினாக். இந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான் உடலுக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பயன்படாத இந்தக் குறைதான் இங்கே வசதி: ஆழத்தில் உள்ள எதற்கும் ஆபத்து இல்லை, விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம், தவறினால் அறுவை சிகிச்சைக்கு எட்டும் இடம்.

இரண்டாவது முடிவு டோஸ். ஒரே தவணையில் 15 கிரே. பூனைகள் தாங்கியதை விடக் குறைவு. இந்த லிம்போமாவைக் கரைக்கப் போதுமானது. முதல் மனிதரிடம் தோல் எவ்வளவு தாங்கும் என்ற எல்லையைத் தேடிப் போகவில்லை. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் சரியான முடிவு. அறிவியலின் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு ஒரு விலை உண்டு. அது பிறகு தெரிந்தது.

அந்த 90 மில்லி விநாடி

இயந்திரம் தொடர்ச்சியாகக் கதிரைக் கொட்டவில்லை. பத்து பல்ஸ்கள், ஒவ்வொன்றும் 1 மைக்ரோ விநாடி நீளம். இரண்டு பல்ஸ்களுக்கு இடையே 10 மில்லி விநாடி. பத்து பல்ஸுக்கு ஒன்பது இடைவெளி. மொத்தம் 90 மில்லி விநாடி. ஒவ்வொரு பல்ஸும் ஏறத்தாழ 1.5 கிரே.

கூட்டிப் பார்த்தால் கதிர் உண்மையில் பாய்ந்தது பத்து மைக்ரோ விநாடி மட்டுமே. மீதி நேரம் முழுவதும் வெற்று இடைவெளி. சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 166 கிரே. ஆனால் ஒரு பல்ஸுக்குள் உள்ள வேகம் விநாடிக்கு 15 லட்சம் கிரேயைத் தொடுகிறது. ஃப்ளாஷ் பற்றிய பேச்சில் 40 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்கு எப்போதும் இடறும். அது சராசரி. திசுவுக்குள் நடக்கும் வேதியியலின் முதல் கட்டங்கள் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. அவற்றின் கண்ணுக்கு அடுத்த பல்ஸ் வெகு தொலைவில் இருக்கிறது.

மருத்துவ இயற்பியலாளருக்கு இந்த வேகம் வேறொரு தலைவலியைத் தருகிறது. வழக்கமான லினாக்கில் கதிர் பாயும் வழியிலேயே அயனிக்கூடம் என்ற அளவி ஒன்று உட்கார்ந்து டோஸை எண்ணிக்கொண்டிருக்கும், கணக்கு நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தும். ஒரு பல்ஸில் 1.5 கிரே வந்தால் அந்தக் கூடத்துக்குள் உருவாகும் அயனிகள் மின்முனையைச் சேர்வதற்குள் தமக்குள்ளே கலந்துவிடும்; கூடம் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டும் கருவியை நம்பி நிறுத்தினால் நோயாளிக்கு அதிகமாகப் போய்விடும். பாதியில் கையால் நிறுத்தவும் முடியாது, விரல் பொத்தானைத் தொடும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

ஆகவே பல்ஸ்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டும். ஒரு பல்ஸுக்கு எவ்வளவு என்பதைச் சிகிச்சைக்கு முன்பே ஐயமற அளந்திருக்க வேண்டும். லோசான் குழு வேகத்தால் பாதிக்கப்படாத இரண்டு அளவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தியது: கதிர் பட்டால் நிறம் மாறும் காஃப்குரோமிக் ஃபிலிம், அலனின் என்ற அமினோ அமிலத்தால் ஆன வில்லை. இரண்டும் வெவ்வேறு இயற்பியலில் வேலை செய்பவை. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். எழுதிக்கொடுத்த டோஸும் போய்ச் சேர்ந்த டோஸும் பொருந்துகின்றனவா என்று இரட்டிப்பாகச் சரிபார்த்தார்கள். இந்த நிகழ்வில் மற்ற மருத்துவமனைகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரங்கள்

தோலின் எதிர்வினை மூன்றாவது வாரத்தில் உச்சம் தொட்டது. அந்த உச்சமே முதல் தரச் சிவப்பும், கட்டியைச் சுற்றி முதல் தர வீக்கமும்தான். பக்கவிளைவுகளை ஐந்து தரமாகப் பிரிக்கும் அளவுகோலில் இது அடிப்படி. வீக்கம் வந்தபடியே வடிந்தது. ஒளியை அனுப்பித் தோலின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி கருவியில் பார்த்தபோது மேல்தோலின் தடிமன் குறையவில்லை, அதன் அடியில் உள்ள சவ்வு கிழியவில்லை. இரத்தக்குழாய்கள் கொஞ்சம் கூடியிருந்தன, அவ்வளவே.

கட்டி வேகமாகச் சுருங்கி முழுதும் மறைந்தது. ஐந்து மாதம் வரை பார்த்ததில் அங்கே திரும்பவில்லை. அறிக்கை அத்துடன் முடிகிறது.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது

மனிதருக்கு ஃப்ளாஷ் கொடுக்க முடியும், டோஸை நம்பிக்கையாக அளக்க முடியும், உடனடியாகக் கேடு எதுவும் வரவில்லை. இவை நிற்கும். "நல்ல தோலைக் காத்தது" என்பது நிற்காது. பல செய்திகள் இந்த இரண்டாவதைத்தான் தலைப்பாகப் போட்டன.

காரணம் ஒப்பீடு. 15 கிரேயை வழக்கமான வேகத்தில் கொடுத்திருந்தால் இதே தோல் என்ன செய்திருக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முந்தைய சிகிச்சைகளோடு ஒப்பிடலாம் என்றால், அவை வேறு இடம், வேறு பரப்பு, வேறு டோஸ் திட்டம். கட்டி முழுதும் மறைந்ததும் பெரிய சான்று ஆகாது. லிம்போமா கதிர்வீச்சுக்கு எளிதில் பணியும் நோய். ஃப்ளாஷ் கட்டியைக் கொஞ்சம் தப்பவிட்டிருந்தாலும் 15 கிரேயில் அது வெளியே தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அறிக்கை எழுதியவர்கள் மிகைப்படுத்தவில்லை. பின்தொடர்ந்த காலம் குறைவு என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

ஒப்பீடு வந்தபோது

அதே மருத்துவமனை 2022-ல் ஒப்பீட்டையும் வெளியிட்டது. ஒரே நோயாளி, இரண்டு வெவ்வேறு கட்டிகள், இரண்டுக்கும் ஒரே தவணையில் 15 கிரே. ஒன்றுக்கு விநாடிக்கு 166 கிரே, மற்றதற்கு விநாடிக்கு 0.08 கிரே. முதலாவது பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்தது. இரண்டாவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். உடலும் நோயும் டோஸும் ஒன்றுதான், மாறியது வேகம். இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டை ஒரு தனி நோயாளியிடம் அமைப்பது கடினம்.

முடிவு: உடனடி எதிர்வினையில் வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டு வரை பார்த்த பின்விளைவுகளில் வேறுபாடு இல்லை. கட்டியைக் கட்டுப்படுத்தியதிலும் இல்லை.

ஃப்ளாஷ் பொய் என்று இதைப் படிப்பது அவசரம். இரண்டு தோல்களுமே நன்றாகத் தாங்கின என்றால், இந்த டோஸில் இவ்வளவு சிறிய பரப்பில் காப்பாற்ற வேண்டிய அளவுக்குச் சேதமே வழக்கமான பக்கத்திலும் வரவில்லை என்று பொருள். சேதம் இல்லாத இடத்தில் காப்பை அளக்க முடியாது. விலங்குகளில் ஃப்ளாஷின் காப்பு தெரிந்தது பெரும்பாலும் டோஸ் உயர்ந்து, வழக்கமான பக்கம் உடைய ஆரம்பித்த இடத்தில். முதல் மனிதரிடம் பாதுகாப்புக்காகத் தேர்ந்த 15 கிரே, கேள்விக்கு விடை சொல்லாத டோஸாக அமைந்துவிட்டது. மேலே சொன்ன விலை இதுதான். மறுபடி அதே இடத்தில் நின்றாலும் முதல் நோயாளிக்கு அதையேதான் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பூனைகள் சொன்ன பின்கதை

ஆறு பூனைகளின் நல்ல முடிவை நம்பி அடுத்து முறையான ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஒரு பக்கம் ஃப்ளாஷில் ஒரே தவணையாக 30 கிரே. மறுபக்கம் வழக்கமான வேகத்தில் 4.8 கிரே வீதம் பத்துத் தவணை. ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஃப்ளாஷ் பெற்ற ஏழு பூனைகளில் மூன்றுக்கு மேல்தாடை எலும்பு செத்துப்போனது. மறுபக்கம் ஒன்பதில் ஒன்றுக்கும் இல்லை. இது தெரியவந்தது 9 முதல் 15 மாதங்கள் கழித்து. பெரிய பரப்பில் ஃப்ளாஷ் பெற்ற மினி பன்றிகளிலும் 7 முதல் 9 மாதத்தில் தோல் செத்தது.

மனித நோயாளியின் முதல் அறிக்கை ஐந்து மாதத்தில் நின்றது. இந்த வகைச் சேதம் வருவதாக இருந்திருந்தால் அந்த அறிக்கையின் கண்ணில் பட்டிருக்காது.

எலும்பு ஏன் செத்தது என்பதற்கு ஃப்ளாஷை மட்டும் பழிப்பது நியாயமில்லை. தவணையாகப் பிரிப்பதே நல்ல திசுவைக் காக்கும் பழைய, நன்கு நிரூபணமான வழி. மெதுவாகப் பின்விளைவு காட்டும் திசுக்களுக்கான வழக்கமான சூத்திரத்தில் ஆல்பா–பீட்டா விகிதத்தை (தவணையின் அளவு ஒரு திசுவை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் காட்டும் எண்) 3 என்று வைத்துக் கணக்கிட்டால், பத்துத் தவணையின் உயிரியல் சுமை சுமார் 125. ஒரே தவணை 30 கிரேயின் சுமை 330. இவ்வளவு பெரிய ஒற்றைத் தவணையில் அந்தச் சூத்திரம் மிகையாகக் காட்டும் என்பது தெரிந்ததே. பாதியைத் தள்ளினாலும் எலும்பின் மீது ஏற்றிய கூடுதல் பாரம் சின்னதல்ல. ஃப்ளாஷ் எலும்பைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம், தவணையை விட்டதில் இழந்தது அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். வேகத்தை மட்டும் மாற்றாமல் இரண்டை ஒன்றாக மாற்றிய ஆய்வில் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்து மாறியது, இன்னும் மாற வேண்டியது

லோசானிலேயே அடுத்து தொடங்கியது தோலில் பரவிய மெலனோமா (நிறமி அணுக்களில் தோன்றும் புற்று) நோயாளிகளுக்கான ஆய்வு; 22 கிரேயில் ஆரம்பித்து ஒவ்வொரு படியிலும் 2 கிரே கூட்டிக்கொண்டே போகும் திட்டம். தோல் எங்கே உடைகிறது என்று தேடும் ஆய்வு இது. 15 கிரே விட்டுவைத்த கேள்விக்கு நேரான பதில் இந்தத் திசையில்தான் கிடைக்கும்.

ஆழத்துக்குப் போக எலக்ட்ரானை விட்டுப் புரோட்டானுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில், கை கால் எலும்புகளில் புற்று பரவி வலியால் வாடிய பத்துப் பேருக்கு, 12 இடங்களில், ஃப்ளாஷ் வேகப் புரோட்டான் 8 கிரே ஒரே தவணையாகக் கொடுத்தார்கள். 12-ல் 8 இடங்களில் வலி தணிந்தது, அவற்றில் 6-ல் முழுதாகவே. வழக்கமான சிகிச்சையில் எதிர்பார்க்கக்கூடியதுதான். இதுவும் கொடுக்க முடியும் என்பதைக் காட்டிய ஆய்வே. காத்தது என்று காட்டியதல்ல. புரோட்டானை உடலுக்குள் நிறுத்தாமல் மறுபக்கம் வரை ஊடுருவிப் போகவிட்டுத்தான் அந்த வேகத்தை எட்டினார்கள். குறித்த ஆழத்தில் நின்றுவிடும் என்ற புரோட்டானின் பெரிய பலத்தை அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உயர் ஆற்றல் எலக்ட்ரானை ஆழக் கட்டிகளுக்குக் கொண்டுபோக செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமும் லோசான் மருத்துவமனையும் சேர்ந்து வேலை செய்துவருகின்றன.

இந்த நிகழ்வை மறுபடி திட்டமிட வேண்டிய குழு ஒன்று இருந்தால் நான் கேட்பவை மூன்று. ஒப்பீட்டுக் கட்டியை நான்கு ஆண்டு கழித்து வெளியிடாமல் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்த்து, மதிப்பிடுபவருக்கு எது எந்த வேகம் என்று தெரியாதபடி வைக்க வேண்டும். பின்தொடரும் காலத்தை 18 மாதத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பூனைகளின் எலும்பு 15 மாதம் வரை எடுத்துக்கொண்டது. வேகத்தைக் காட்ட வேண்டும் என்றால் தவணை எண்ணிக்கையை இரு பக்கமும் ஒன்றாக வைக்க வேண்டும், பல தவணை ஃப்ளாஷாக இருந்தாலும் சரி.

இயற்பியலாளர் நிரப்பும் தாளில் பல்ஸ் எண்ணிக்கை, பல்ஸ் நீளம், இடைவெளி, பல்ஸ் ஒன்றின் டோஸ், கதிர்ப்பரப்பு ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்கட்டும். "166 கிரே/விநாடி" என்று ஒரே எண்ணை எழுதி முடித்தால், அதே சராசரியை நூறு சிறு பல்ஸ்களில் எட்டும் வேறொரு இயந்திரத்தின் முடிவோடு அதை ஒப்பிட முடியாமல் போகும்.